கடலூர்ப் பக்கம் பிள்ளைகளோடு பெட்டி ஒளித்து விளையாடுவது எப்படி?

கேள்வி இது: மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிறீர்கள். ஒன்பது வயதில் ஒரு பெண், ஆறு வயதில் ஒரு பையன். கோடை விடுமுறையில் செல்போனை ஓரங்கட்டிவிட்டு, வெளிநாட்டில் குடும்பம் குடும்பமாக விளையாடும் லெட்டர்பாக்ஸிங் ஆட்டத்தை நம் ஊரில் ஆடிப் பார்க்க ஆசை. பெட்டியை எப்படிச் செய்வது, கடலூரிலோ புதுச்சேரியிலோ எங்கே ஒளிப்பது?

தாராளமாக ஆடலாம். ஆனால் டப்பா வாங்குவதிலிருந்து தொடங்காதீர்கள், இடத்திலிருந்து தொடங்குங்கள். எந்த டப்பா, என்ன முத்திரை, எப்படித் துப்பு எழுதுவது என்பதையெல்லாம் இடம்தான் முடிவு செய்யும். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடினால், கடைசியில் பூங்காவில் ஏதாவது ஒரு குரோட்டன்ஸ் செடிக்கு அடியில் செருகிவிட்டு வருவோம். மறுநாள் காலை பெருக்குகிறவர் அதைக் குப்பை வண்டியில் போட்டிருப்பார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு சுருக்கம். ஒரு சின்னப் பெட்டிக்குள் கையால் செதுக்கிய ரப்பர் முத்திரை ஒன்றும் ஒரு நோட்டும் இருக்கும். அதை எங்கேயோ ஒளித்துவிட்டு, கண்டுபிடிக்கத் துப்பு எழுதி வெளியில் விடுவார்கள். தேடி வருகிறவரிடமும் ஒரு சொந்த முத்திரையும் சொந்த நோட்டும் இருக்கும். பெட்டி கிடைத்ததும் தன் முத்திரையைப் பெட்டி நோட்டில் குத்துவார், பெட்டி முத்திரையைத் தன் நோட்டில் குத்திக்கொள்வார். பிறகு பெட்டியை எடுத்த இடத்திலேயே, எடுத்தபடியே வைத்துவிட்டுப் போவார். பரிசு கிடையாது, பொம்மை கிடையாது, எடுத்துப் போக எதுவும் கிடையாது. நோட்டில் சேருகிற மைதான் மிச்சம். ஆறு வயதுப் பையனுக்கு இது முதலில் ஏமாற்றமாக இருக்கலாம். நாலு பக்கம் நிறைந்ததும் சரியாகிவிடும்.

இது இங்கிலாந்தின் டார்ட்மூர் என்ற சதுப்பு மேட்டில் பிறந்த ஆட்டம். 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, க்ரான்மியர் குளம் என்ற எளிதில் போக முடியாத இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டு வந்தார்கள். பின்னாளில் தன் விலாசம் எழுதிய அஞ்சலட்டையைப் போட்டுவிட்டு வருவதும், அடுத்து வருகிறவர் அதை எடுத்துப் போய்த் தபாலில் சேர்ப்பதும் வழக்கமாயிற்று. ரப்பர் முத்திரை அதற்குப் பிறகு வந்தது. அமெரிக்காவுக்கு இந்த ஆட்டம் பெரிய அளவில் போனது 1998-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வழியாக. ஜிபிஎஸ் எண்களை வைத்துப் பெட்டி தேடும் ஆட்டம் இதற்குத் தம்பி. செயற்கைக்கோள் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை 2000 மே மாதம் நீக்கியது, அதற்கு மறுநாளே முதல் பெட்டியை ஒருவர் ஒளித்துவிட்டார். பிள்ளைகளோடு ஆட எனக்குப் பிடித்தது அண்ணன்தான். ஜிபிஎஸ் ஆட்டத்தில் பிள்ளை திரையைப் பார்த்தபடி நடக்கும், இதில் மரத்தையும் மதகையும் பார்த்தபடி நடக்கும்.

இனி இடம். டார்ட்மூரில் எங்கே திரும்பினாலும் கருங்கல் குவியல், இடுக்கில் பெட்டியைச் செருகினால் வருடக்கணக்கில் இருக்கும். நம்மிடம் கல் இல்லை. கடலோர மணல், ஆற்று வண்டல், கேப்பர் மலைச் செம்மண், இவ்வளவுதான். புவியியல் புத்தகங்களில் 'கடலூர் மணற்கல்' என்று நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு பாறை அடுக்கு உண்டு. கேப்பர் மலை மேடும், திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் பூமியும் அந்த அடுக்கைச் சேர்ந்தவை. பேர்தான் பாறை, மழை பெய்தால் ஓடை ஓடையாக அரித்துக்கொண்டு போகும். ஆக, தரையில் வைத்த பெட்டி இங்கே நிலைக்காது. அதைவிடப் பெரிய வேறுபாடு ஜனம். டார்ட்மூரில் ஆளே கிடையாது. இங்கே யாரும் இல்லை என்று நினைத்து ஒரு புதரின் பின்னால் குனிந்தால், ஆடு மேய்க்கிறவர் ஒருவர் "என்ன சார் தொலைச்சிட்டீங்க?" என்று கேட்டபடி வந்து நிற்பார்.

அதனால் நான் எல்லாருக்கும் சொல்லும் வழி இதுதான்: நடை பொது இடத்தில், பெட்டி தனி இடத்தில். துப்பைத் தொடர்ந்து பிள்ளைகள் ஊரின் நல்ல இடங்களையெல்லாம் சுற்றட்டும். கோட்டைச் சிதைவைப் பார்க்கட்டும், பாலத்தில் நின்று கெடிலம் ஆற்றைப் பார்க்கட்டும், சிலையைச் சுற்றித் தூண்களை எண்ணட்டும். கடைசி அடி மட்டும் உங்களுக்கு உரிமையோ அனுமதியோ உள்ள இடத்தில் முடியட்டும். சித்தப்பா வீட்டுக் கொல்லை, தெரிந்தவர் தோப்பு, பள்ளித் தோட்டம், இப்படி.

கடலூர்க்காரர்களுக்கு முந்திரித் தோப்பு கைக்கெட்டிய தூரம். கிளை தாழ்ந்து தரையைத் தொடும், ஆறு வயதுப் பிள்ளையின் கண் உயரத்திலேயே ஒளிக்கக் கவட்டை கிடைக்கும், நிழலும் உண்டு. இரண்டு எச்சரிக்கை. ஒன்று, மார்ச்சிலிருந்து மே வரை கொட்டை பொறுக்கும் காலம், தோப்பு பெரும்பாலும் குத்தகையில் இருக்கும். தோப்புச் சொந்தக்காரரிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போனால் போதாது. குத்தகைக்காரரிடமும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மரத்தடியில் குனிந்து தேடும் பிள்ளைகளைப் பார்த்து அவருக்கு வேறு சந்தேகம் வரும், நியாயமான சந்தேகம். இரண்டு, பச்சைக் கொட்டையின் ஓட்டில் உள்ள பால் தோலைப் பொசுக்கிவிடும். கடிக்கக் கூடாது, நசுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். பழத்தை வேண்டுமானால் தின்னட்டும், சட்டையில் கறை போகாது என்பது உங்கள் கவலை.

கடற்கரை ஓரச் சவுக்குத் தோப்பும் அழகான இடம். கீழே விழுந்த சருகு மெத்தை போல இருக்கும், காற்றுச் சத்தமும் உண்டு. ஆனால் சவுக்கு வெட்டுக்கு வளர்ப்பது. எப்போது வெட்டப் போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டு வந்தால் ஒரே வாரத்தில் தோப்பே இருக்காது, உங்கள் துப்பில் எழுதிய மூன்றாவது வரிசை மரம் யார் வீட்டுப் பந்தலிலோ காலாக நிற்கும்.

எங்கே கூடாது என்பதும் முக்கியம். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் வேண்டாம். மணல் ஒரு பருவத்தில் சேரும், ஒரு பருவத்தில் போகும். காணும் பொங்கலுக்கும் மாசி மகத்துக்கும் கூடுகிற கூட்டத்தில் எந்த ஒளிவிடமும் தங்காது. அடும்பங்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்த மணல் மேட்டைக் கிளறவும் கூடாது. அந்த வேர்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது, ஜனவரியிலிருந்து சில மாதம் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுவதும் இந்தக் கரையில்தான். அரிக்கமேடு, திருவக்கரை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரு பிடி மண்ணைக்கூடத் தோண்டக் கூடாது, ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது. ஊசுடு ஏரி பறவைகள் சரணாலயம், அங்கே கரையிலிருந்து பார்ப்பதோடு சரி. பேருந்து நிலையம், ரயில் நிலையம், கோயில், புதுச்சேரிக் கடற்கரைச் சாலை, அரசு அலுவலகங்களின் சுற்றுப்புறம் இவற்றில் பெட்டி வைத்தால் அது கேட்பாரற்றுக் கிடக்கும் மர்மப் பொருள். போலீஸ் வரும், வரத்தான் வேண்டும். கேப்பர் மலையில் நடக்கப் போகிறவர்கள் மத்திய சிறை மதில் பக்கம் டப்பாவும் கையுமாக உலவ வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

புதுச்சேரியில் தோப்பு இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல உபாயம் கடை. தெரிந்த பெட்டிக்கடைக்காரரோ புத்தகக் கடைக்காரரோ ஒருவர் பெட்டியைக் கல்லாவுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சம்மதித்தால், துப்பின் முடிவில் ஒரு ரகசியச் சொல் கிடைக்கும்படி எழுதுங்கள். பிள்ளை போய் அந்தச் சொல்லைச் சொன்னால் பெட்டி வெளியே வரும். மழைக்கும் கரையானுக்கும் பயமில்லை. அதைவிட, கூச்ச சுபாவமுள்ள பிள்ளை முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் போய் "பலாக்கொட்டை" என்று சொல்லிவிட்டு நிற்கிற நிற்பு இருக்கிறதே, அதைப் பார்க்கவே இந்த ஆட்டத்தை ஆடலாம்.

டப்பா விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். நாலு பக்கமும் கொக்கியுள்ள, மூடியில் ரப்பர் வளையம் போட்ட பிளாஸ்டிக் டப்பா போதும். எவர்சில்வர் வேண்டாம். துரு பிடிக்காதுதான், ஆனால் அது நாலு நாளில் பழைய பாத்திரக் கடைக்குப் போய்விடும். பால் பவுடர் தகர டப்பாவைக் கடல் உப்புக் காற்று ஒரு பருவத்துக்குள் தின்றுவிடும். கண்ணாடி பாட்டில் பிள்ளைகள் புழங்கும் இடத்தில் கூடாது. இரண்டு பக்கமும் மூடி போட்ட பிவிசி குழாய்த் துண்டு தண்ணீர் புகாமல் அருமையாக இருக்கும், மரத்தில் தொங்கவிடவும் தோது. ஆனால் பார்க்க வெடிகுண்டு போல இருக்கும், அதனால் சொந்தக் கொல்லையில் மட்டும். ஒளிவு மறைவுக்குப் பழுப்பு நிற டேப்பைச் சுற்றினால் போதும். சாக்கோ துணிப்பையோ போட்டு மூடினால் கரையான் ஏறும். டப்பாவைத் தரையில் வைக்காமல் கவட்டையில் இருத்தி நைலான் கயிற்றால் கட்டுங்கள். ஆணி அடிக்காதீர்கள்.

டப்பாவின் மேல் ஒரு சீட்டு கட்டாயம்: "இது பிள்ளைகள் விளையாட்டுக்காக, தோட்டக்காரர் அனுமதியோடு வைத்த பெட்டி. உள்ளே ஒரு நோட்டும் ரப்பர் முத்திரையும்தான். பார்த்துவிட்டு இதே இடத்தில் வைத்துவிடுங்கள்." பிள்ளையின் பெயர், பள்ளி, வகுப்பு எதுவும் வெளியிலும் வேண்டாம், உள்ளேயும் வேண்டாம். இந்த ஆட்டத்தில் எல்லாருக்கும் ஒரு புனைபெயர் உண்டு. உங்கள் பையன் 'கெடிலம் புலி' என்று வைத்துக்கொண்டால் யார் தடுப்பது?

முத்திரைக்கு வருவோம். பிள்ளைகள் உண்மையாகவே நேரம் போவது தெரியாமல் உட்காருவது இங்கேதான், நானும் இங்கேதான் கொஞ்சம் அதிகம் பேசுவேன்.

ஒன்பது வயதுப் பெண்ணுக்குப் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பர். அப்சராவோ நடராஜோ, இருப்பதிலேயே பெரிய அளவு. தாளில் கருக்கக் கருக்கப் பென்சிலால் படம் வரையச் சொல்லுங்கள். அந்தத் தாளை ரப்பர்மேல் கவிழ்த்து, நகர்ந்துவிடாமல் பிடித்து, பின்பக்கம் நகத்தால் நன்றாகத் தேய்த்தால் படம் ரப்பரில் இறங்கும். இடம் வலமாக மாறித்தான் இறங்கும், அதுதான் வேண்டும். முத்திரை குத்தும்போது மறுபடி மாறி நேராகிவிடும். எழுத்து வேண்டுமென்றாலும் தாளில் சாதாரணமாக எழுதினால் போதும். நேராக ரப்பர்மேலேயே எழுதினால் 'க' திரும்பிக்கொண்டு நிற்கும்.

கோடு மேலே நிற்க, சுற்றியுள்ள வெள்ளையைச் செதுக்கி எடுக்க வேண்டும். கோடு இரண்டு மில்லிமீட்டராவது தடிமனாக இருக்கட்டும். கத்தியைக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரித்துப் பிடித்தால் கோட்டின் அடிப்பாகம் அகலமாக, மலையடிவாரம் போல நிற்கும். உள்பக்கம் குடைந்துவிட்டால் பத்துக் குத்தில் கோடு பிய்ந்துபோகும். வளைவு வரும் இடத்தில் கத்தியைத் திருப்பாமல் ரப்பரைத் திருப்பச் சொல்லுங்கள், வெட்டுக்காயம் பாதி குறைந்துவிடும். ஓவியப் பொருள் விற்கும் கடையில் லினோ செதுக்கும் உளி கிடைத்தால் நல்லது. 'வி' வடிவ முனை இருப்பதால் பிளேடைவிடப் பத்திரம். ரப்பரைப் பலகைமேல் வைத்து, பிடித்த கை எப்போதும் கத்திக்குப் பின்னால் இருக்க, நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் ஒன்பது வயதில் செய்யலாம். அவள் கையிலிருந்து வாங்கி நீங்கள் 'சரி' செய்யாதீர்கள். கோணல் படகு கோணலாகவே இருக்கட்டும். நேர்த்தியான முத்திரை வேண்டுமென்றால் கடையில் ஆர்டர் கொடுத்திருக்கலாமே.

ஆறு வயதுப் பையனுக்குக் கத்தி வேண்டாம். கைவினைக் கடைகளில் கிடைக்கும் ஃபோம் ஷீட் வாங்கி, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி வரையச் சொல்லுங்கள். அழுத்திய இடம் பள்ளமாகி, மை படாமல் வெள்ளைக் கோடாக வரும். வெட்டி ஒரு பாட்டில் மூடியில் ஒட்டினால் பிடிக்கக் கைப்பிடியும் ஆயிற்று. இன்னொரு வழி, தேய்ந்துபோன ஹவாய் செருப்பு. அடிப்பாகத்தை நன்றாகக் கழுவிக் காயவைத்து, மீன், பனைமரம், படகு என்று எளிய உருவங்களை நீங்கள் வெட்டிக் கொடுத்தால் அவன் ஒட்டிக்கொள்வான். ரப்பரைவிட வெகுநாள் உழைக்கும். வெண்டைக்காயையும் உருளைக்கிழங்கையும் வைத்துப் பழகலாம், பெட்டிக்குள் வைக்க முடியாது.

என்ன படம் என்பதை இடம் சொல்லும். முந்திரித் தோப்பில் ஒளிப்பதென்றால் பழத்தின் கீழே கொட்டை தொங்கும் அந்த விசித்திர வடிவம். பண்ருட்டிப் பக்கம் என்றால் பலா: வெளிக்கோடு ஒன்று, உள்ளே பேனாவால் குத்திய புள்ளிகள், பையன் ஒருவனாகவே முடித்துவிடுவான். பாரதியார் 1918-இல் புதுச்சேரியிலிருந்து வெளியே வந்து கைதாகி அடைக்கப்பட்டது கடலூர்ச் சிறையில்தான். முண்டாசும் மீசையும் வரைந்தால் மூக்கு கண் எதுவும் வேண்டாம், யாரென்று எல்லாருக்கும் தெரியும்.

செதுக்கி முடித்த ரப்பரை அப்படியே பிளாஸ்டிக் டப்பாவில் போடாதீர்கள். ஜியோமெட்ரி பாக்ஸில் ஸ்கேலும் ரப்பரும் ஒன்றோடொன்று ஒட்டி, ஸ்கேல் உருகினாற்போல ஆனதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ரப்பரில் கலந்திருக்கும் இளக்கும் பொருள் பிளாஸ்டிக்கில் இறங்குவதால் வருவது அது, வெயிலில் இன்னும் வேகமாக நடக்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்தால் தீர்ந்தது. ஸ்டாம்ப் பேடைப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம், நம் வெயிலுக்கு வறண்டுவிடும், அல்லது கசியும். தேடி வருகிறவர்கள் கையோடு கொண்டுவரட்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பேடைவிட ஸ்கெட்ச் பேனா வசதி: முத்திரைமேலேயே பழத்துக்குச் சிவப்பு, கொட்டைக்குப் பச்சை என்று தீட்டி, ஒரு முறை வாயால் ஊதி ஈரப்படுத்திக் குத்தினால் ஒரே குத்தில் இரண்டு நிறம்.

நோட்டு கோடு போடாததாக, நூலால் தைத்ததாக இருக்கட்டும். கம்பி போட்டது துருப்பிடிக்கும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைக் கூடப் போடுங்கள். ஈரத்துக்கு அரிசி போடுவார்கள் சிலர், எறும்புக்கு விருந்து வைப்பது போலத்தான் அது. மிட்டாயும் அப்படியே. எழுதப் பென்சில், ஜெல் பேனா ஈரம் பட்டால் ஓடும்.

துப்பு எழுதுவது இரண்டாவது சுவாரசியம். முதல் விதி: நிலையானதைச் சொல்லுங்கள். டீக்கடை மாறும், சுவர் விளம்பரம் மாறும், ஃப்ளெக்ஸ் ஒரு வாரத்துக்குக்கூட நிற்காது. மரத்தைக்கூட நம்ப முடியாது. 2011 டிசம்பர் 30 காலை 'தானே' என்ற புயல் கரையைக் கடந்தபோது இந்தக் கரையில் விழுந்த முந்திரிக்கும் பலாவுக்கும் கணக்கில்லை, அதற்கு முன் எழுதிய துப்பு எதுவும் மறுநாள் செல்லாது. மைல்கல், மதகு, கிணறு, பாலத்தின் தூண், கல்வெட்டில் உள்ள வருடம், இவை நிற்கும்.

திசை சொல்ல நமக்கு ஒரு பெரிய வசதி, கடல் எப்போதும் கிழக்கு. "கடலைப் பார்த்து நில், வலக்கைப் பக்கம் நட" என்றால் தெற்கு, ஆறு வயதுக்கும் புரியும். காம்பஸ் கொண்டுவருகிறவர்களுக்கும் கவலையில்லை, நம் பகுதியில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் ஓரிரு டிகிரிதான். இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்க்காமல் இருந்தால் சரி. நிழலை வைத்து எழுதுவதானால் காலை நிழல் என்றோ மாலை நிழல் என்றோ தெளிவாகச் சொல்லுங்கள். உச்சிவேளை நிழலை நம்பக் கூடாது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தை ஒட்டி ஒரு நாளும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தை ஒட்டி ஒரு நாளும் நம் ஊரில் உச்சி வெயிலில் நட்ட குச்சிக்கு நிழலே இராது. இடைப்பட்ட மே, ஜூன், ஜூலையில் நிழல் தெற்கே விழும், டிசம்பரில் வடக்கே நீளும். விடுமுறையில் எழுதிய துப்பைப் பொங்கலுக்குப் படிக்கிறவர் நேர் எதிர்ப்பக்கம் போவார். (இதையே ஒரு விளையாட்டாகப் பிள்ளைகளுக்குக் காட்டலாம், ஒரு குச்சி போதும்.)

தூரத்தைத் தப்படியில் சொன்னால் யாருடைய தப்படி என்று சொல்லுங்கள். பிள்ளையின் தப்படியில் எழுதினால் நல்லது, அப்பா தோற்பார், பிள்ளை ஜெயிக்கும்.

விடுகதை சேர்த்தால் ஊர் வரலாறு தானாக உள்ளே வரும். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி அதை மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கு என்று பேச்சு. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. "குண்டு விழுந்த தூரமெல்லாம் எனதென்றவன் கோட்டை எது?" என்று கேட்டால், விடை தெரியாத பிள்ளை தாத்தாவிடம் போகும், தாத்தாவுக்கும் தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடுவார்கள். திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் என்றால் அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்ட கதை, அவர் கரையேறியதால் பெயர் பெற்ற கரையேறவிட்டகுப்பம். "கல் மிதந்து வந்து சேர்ந்த ஊருக்குப் போ" என்று ஒரு வரி போதும். புதுச்சேரியில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களை எண்ணச் சொல்லி, அந்த எண்ணிக்கையை அடுத்த துப்பில் தெரு வரிசைக்கோ கடைப் படிக்கோ பயன்படுத்தலாம். எத்தனை தூண் என்று நான் சொல்ல மாட்டேன்.

தோப்பில் முடியும் ஒரு துப்பு இப்படி இருக்கலாம்:

"கெடிலத்தை முதுகுக்குப் பின்னால் விடு. செம்மண் தொடங்கும் இடத்தில் ஒரு மைல்கல், அதில் உள்ள எண்ணை மனசில் வை. நீலக் கேட்டைத் திறக்காதே, தட்டு. ஆயா வந்தால் பலாக்கொட்டை என்று சொல். கிணற்றடியில் நின்று, காலையில் உன் நிழல் நீளும் பக்கம் அந்த எண் அளவு தப்படி வை. தலைகீழாய்த் தொங்கும் பழம், அதன் தலைக்கு வெளியே கொட்டை, அந்த மரத்தைக் கேள்."

எழுதி முடித்ததும் இடம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் சோதியுங்கள். பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் வந்தால் கச்சிதம். அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று உங்கள் மகள் வாயைத் திறக்காமல் பின்னால் நடந்து பார்க்க வேண்டும். வாயைத் திறக்காமல் என்பதுதான் கஷ்டம்.

ஒளிக்கப் போகும் நாள் காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். மே மாதத்தில் ஒன்பது மணிக்கு மேல் பிள்ளைகளை வெட்ட வெளியில் நிறுத்துவது பாவம். கடற்காற்று இறங்கிய பிறகு மாலையில் போகலாம், ஆனால் அந்தி சாயுமுன் திரும்பிவிட வேண்டும். பாம்புக்கு ஒரே விதி: கண் பார்க்காத இடத்துக்குள் கை போகக் கூடாது. அதனால் பொந்து, புற்று, பனை மட்டைக் குவியல், தாழம்புதர், செங்கல் அடுக்கு இவற்றில் ஒளிக்கவே ஒளிக்காதீர்கள். நீங்கள் ஒளிக்கும் இடம்தான் நாளை இன்னொரு வீட்டுப் பிள்ளை கைவிடும் இடம். மார்பு உயரக் கவட்டை, பார்த்தால் தெரியாது, கிட்டப் போனால் தெரியும், இதுதான் சரியான அளவு. ஆளுக்கொரு கழி, காலை மூடிய செருப்பு, தண்ணீர் பாட்டில். யாரையாவது பாம்பு தீண்டினால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம், அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு நேரே அரசு மருத்துவமனைக்கு.

இதெல்லாம் பெரிய ஏற்பாடாகத் தோன்றினால், முதல் முறை ஒரு பகல் பெட்டி ஆடுங்கள். காலையில் ஒளித்து, நாலு பிள்ளைகளுக்குத் துப்புக் கொடுத்து, மாலையில் எடுத்து வந்துவிடுவது. பிறந்தநாளுக்கு கேக் வெட்டிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதைவிட இது மேல். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டால் அப்புறம் நிரந்தரப் பெட்டிக்குப் போகலாம்.

நிரந்தரப் பெட்டி என்றாலும் வருடம் முழுவதும் வெளியில் கிடக்க வேண்டாம். மாதத்துக்கு ஒரு முறை பிள்ளைகளே போய்ப் பார்க்கட்டும், எறும்பு, ஈரம், நோட்டில் பக்கம் மிச்சம் இருக்கிறதா என்று. நீங்கள் எப்படியும் அடிக்கடி போகிற பக்கமாக இடத்தைத் தேர்ந்திருந்தால் இது சுமையாக இராது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்குமுன் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நம் கரையில் புயலும் வெள்ளமும் வருகிற மாதங்கள் அவை, எந்த ரப்பர் வளையமும் நிற்காது. நோட்டுப் பக்கங்களைப் போட்டோ எடுத்து வையுங்கள், முத்திரையின் பதிவு ஒன்றை வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள். பெட்டி தொலைந்தாலும் அதைப் பார்த்து மறுபடி செதுக்கலாம். தை பிறந்து தோப்பு காய்ந்ததும் திரும்பக் கொண்டுபோய் வைத்தால் போதும்.

பெட்டி வெளியில் இல்லாத அந்த மூன்று மாதமும், துப்பு யார் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். விழுப்புரத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து, ஆயாவிடம் பலாக்கொட்டை என்று சொல்லிவிட்டு வெறும் கவட்டையைப் பார்த்து நிற்கக் கூடாது. அப்படி யாராவது வந்தே விட்டாலும் சமாளிக்க, ஆயாவிடம் முத்திரை குத்திய சீட்டு நாலைந்து கொடுத்து வைத்திருங்கள்.